பெட்டியில் இருந்த பேர்

என் மச்சான் மணிக்கு,

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. மூலக்குளத்தில் உன் மெக்கானிக் ஷெட் இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. சத்தத்தைக் கேட்டே வண்டிக்கு என்ன கோளாறு என்று சொன்னவன் நின்ற இடத்தில் போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். உனக்குச் சிரிப்புதான் வரும்.

நீ இருந்தபோது சொல்லத் துப்பில்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். திட்டிக்கொள்.

வில்லியனூரில் என் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு வந்தால் உனக்கு ஒரே கேள்விதான். "இன்னா மச்சான், கம்பெனியா லோக்கலா?" பேர் எடுத்த கம்பெனிச் சாமான் இல்லையென்றால் தொடமாட்டாய். "சும்மா ஓடுற வண்டிக்கு எது வேணா போடு. இழுவைய ஏத்துற இன்ஜின்ல கண்டதப் போட்டா கொன்னுடும்டா" என்பாய்.

அந்தக் கரையாம்புத்தூர்க்காரர் கார் ஞாபகம் இருக்கிறதா? மறந்திருப்பாயா என்ன! அவர் கேட்ட வேகத்துக்கு இழுவையை ஏற்ற அந்த இன்ஜினோடு பத்து நாள் மல்லுக்கட்டினாய். கடைசியில் பிஸ்டன் ராடுக்கு போல்ட் கேட்டாய். ரேக்கிலிருந்து கம்பெனிப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். பெட்டியைப் பார்த்தாய், என் முகத்தைப் பார்த்தாய், பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போய் மாட்டினாய்.

எங்கள் கடைகளில் காலிப் பெட்டியைத் தூக்கி எறிகிற வழக்கம் உண்டா? கெட்டி அட்டை வீணாகக் கூடாதென்று லூஸ் சாமானைப் போட்டு வைப்போம். அந்தப் பெட்டியில் இருந்தவை லோக்கல் போல்ட்டுகள். போட்டு வைத்தவன் நான். மறந்துபோய் எடுத்துக் கொடுத்தவனும் நான்தான்.

திருபுவனை ரோட்டில் நீ ஓட்டிப் பார்த்தபோது போல்ட் அறுந்து, ராடு இன்ஜினை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. யாருக்கும் அடி இல்லை. உன் பேர்தான் போயிற்று. "டைட் வைக்கிறதுல என் கைதான் தப்பு பண்ணிடுச்சு" என்று நீயே எல்லாரிடமும் சொன்னாய். "மணி கை போயிடுச்சுப்பா" என்று ஊர் பேசியது. அதன்பிறகு இந்த மாதிரி வேலைக்கு யாரும் உன்னிடம் வரவில்லை. ஆயில் மாற்றிக்கொண்டு, பிரேக் பார்த்துக்கொண்டு இருந்து, மஞ்சள் காமாலையில் போய்விட்டாய்.

போல்ட் அறுந்த அன்று சாயங்காலமே பெட்டியில் மிச்சமிருந்ததைக் கொட்டிப் பார்த்து எனக்குத் தெரிந்துவிட்டது, மணி. கடை பேர் கெட்டுவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா?

போன வாரம் உன் வீட்டுக்காரி செல்வி, உன் டூல்ஸ் பெட்டியை என்னிடம் கொடுக்க வந்தாள். அடியில் அந்த உடைந்த போல்ட்டைத் துணியில் சுற்றி வைத்திருந்தாய். கம்பெனி போல்ட் என்றால் தலையில் பொடி எழுத்தில் பேர் இருக்கும். இதில் ஒன்றுமில்லை, மொழுக்கென்று இருந்தது.

"மணிக்கு இது தெரியுமாம்மா?" என்றேன்.

"அன்னிக்கே தெரியும்ணே. 'வெளிய சொன்னா மச்சான் கடைய எவனும் நம்ப மாட்டான், வுடு'ன்னாரு. நானும் வுட்டுட்டேன்."

அட பாவி! தெரிந்துகொண்டேதான் அத்தனை வருஷமும் என் கடையில் உட்கார்ந்து டீ குடித்தாயா? ஒரு தடவை என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கக் கூடாதா? செல்வி முன்னாலேயே அழுதேன்.

நேற்று கரையாம்புத்தூருக்குப் போய் அந்தக் கார்க்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப மணி கை தப்பில்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

இனி அந்த உடைந்த போல்ட் என் கடை மேஜை மேல்தான் இருக்கும். பெட்டியைத் திறந்து, சாமானில் இருக்கிற பேரைக் காட்டாமல் எதையும் கொடுக்கமாட்டேன். ஏன் என்று கேட்கிற ஒவ்வொருவரிடமும் சொல்வேன்: மணி கை கடைசிவரை சரியாகத்தான் இருந்தது.

நீ பெட்டியை நம்பவில்லை, என்னை நம்பினாய்.

உன் மச்சான்,
ரஃபீக்