நான்கு கழிவறைகளும் ஒரு மொட்டைக் கடிதமும்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலை ஏழுக்கே வெயில். மலை உச்சி வெளுத்துக் கிடக்கிறது. போதும், பதினோரு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. இன்று எழுத ஆரம்பித்துவிட்டேன்! பேராயருக்கு. ஒரே மூச்சில் இரண்டு பக்கம். பள்ளிக்குத் தாமதம். பதினோராம் வகுப்புக்குச் சரித்திரம் நடத்தும்போதும் மனம் அடுத்த பத்தியில்.

விஷயம் இதுதான். ஞாயிறன்று சபை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள்: "வரும் பௌர்ணமி முதல், அடி அண்ணாமலைச் சிற்றாலய வளாகத்தில் உள்ள நான்கு கழிவறைகளும் கிரிவலம் வருவோருக்குத் திறந்து வைக்கப்படும். முன்மொழிந்தவர்: செயலர். ஏகமனதாக ஏற்கப்பட்டது."

முன்மொழிந்தவர் செயலர்!

அது என் யோசனை. பதினோரு வருடம் முன்பு அதே கமிட்டியில் எழுந்து நின்று நான் சொன்னது. பெண்கள் வெறுங்காலோடு பதினான்கு கிலோமீட்டர் நடக்கிறார்கள், ஒதுங்க இடமில்லை, நம்மிடம் நான்கு இருக்கின்றன, மாதம் ஒரு நாள் பூட்டைத் திறந்தால் என்ன? அப்போதும் அவர்தான் செயலர். த. (முழுப் பெயர் எழுத மனம் வரவில்லை). அவர் கேட்டது இன்னும் காதில்: "சார், அப்படியே வாசல்ல ஒரு உண்டியலும் வெச்சுடலாமா? விபூதித் தட்ட நீங்களே புடிச்சுக்கிறீங்களா?" பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். அன்று எழுந்து வந்தவன்தான். கமிட்டிப் பக்கமே போகவில்லை. த.வோடு பேச்சு இல்லை.

கடிதத்தில் இன்னும் சேர்க்க வேண்டியவை:
– அடுத்தவன் யோசனையைத் தன் பெயரில் போட்டுக்கொண்டது
– அடி அண்ணாமலைச் சபையாரைக் கேட்காதது
– தண்ணீர். தொட்டி சின்னது. நிச்சயம் போய்ப் பார்த்திருக்க மாட்டார்
– வளாகம் அசுத்தமானால் யார் பொறுப்பு?

கடைசி இரண்டும்தான் பலமானவை. என் யோசனைக்கு எதிராகவே எழுதுகிறேன் என்பது தெரியாமல் இல்லை. இருக்கட்டும்.

கையெழுத்துப் போடுவதா என்று பிறகு பார்க்கலாம். இதுவரை எங்கள் சபையார் கையெழுத்தோடு அனுப்பிய மூன்று மனுக்களுக்கும் பதில் வரவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

புழுக்கம். இரண்டு முறை கரண்ட் போய் வந்தது. பச்சை மிளகாய், தேங்காய், ஷேவிங் பிளேடு வாங்க வேண்டும்.

ஆயர் போன். "சார், சபை மாத இதழுக்கு ஒரு பக்கம் வேணும். 'எதற்காக வாழ்கிறோம்? அன்பு.' இதான் தலைப்பு. உங்கள விட்டா யாரு எழுதுவாங்க?"

உண்மை. இருபது வருடமாக இந்தச் சபையில் அன்பைப் பற்றி எழுத என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அரை மணியில் முடித்தேன். நன்றாகவே வந்திருக்கிறது. கடவுள் அன்பாகவே இருப்பதால் மனிதனைப் படைத்தார். நேசிக்கவும் நேசிக்கப்படவும் மட்டுமே படைத்தார். படிப்பு, பதவி, வீடு எல்லாம் வழிச்செலவு, போய்ச் சேர வேண்டிய ஊர் அதுதான். ஒரு திருத்தம்கூட இல்லை.

மனைவி கிரேஸ் டூட்டி முடிந்து வந்தாள். நர்ஸ் உடுப்போடு மேஜை அருகிலேயே நின்று இரண்டு தாளையும் படித்தாள். அன்பு ஒன்று. பேராயருக்கு ஒன்று.

"ரெண்டுக்கும் ஒரே பேனாவா?"

"ஆமா."

"இதுல எல்லாரையும் நேசிக்கணும்னு போட்டிருக்கீங்க. எல்லாரும்னா இந்த ஆளு வர மாட்டாரா?"

"பிடிக்காத ஆளை எப்படிம்மா நேசிக்கிறது?"

"புடிச்சவங்கள நேசிக்கணும்னு சொல்றதுக்கா இயேசு வந்தாரு? அத நாமளே செஞ்சுக்குவோமே. எனக்கு வார்டுல ஒரு பேஷண்ட்டயும்தான் புடிக்கல. டூட்டி பாக்காமலா வரேன்? காபி வேணுமா?"

மூன்று பட்டம் வாங்கியிருக்கிறேன். காபி வேண்டும் என்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி. பௌர்ணமி

மதியம் அரை நாள் விடுப்பு. சாட்சியம் சேகரிக்க! போன் முழு சார்ஜ். பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள், ஆட்டோ கிடையாது. கூட்டத்தோடு கூட்டமாகக் கிரிவலப் பாதையில் நடந்தே போனேன். நான் மட்டும் செருப்போடு. மேகம் திரண்டு மலை பாதிக்கு மேல் தெரியவில்லை.

நாலு மணி. சிற்றாலய வாசலில் இருந்து தெரு வரை பெண்கள் வரிசை. நான் சொன்னபடியே, எழுதியபடியே, தொட்டி காலி! அந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. இரண்டு போட்டோ எடுத்தேன். மூன்றாவது எடுக்கும்போது நடுவில் ஓர் ஆள் வந்துவிட்டார். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் பக்கெட்டு, சட்டை தொப்பலாக. த. தெருக் குழாயில் பிடித்துக் கொண்டு போய்க் கொட்டுகிறார். அறுபத்தொரு வயது. இரண்டு வருடம் முன்பு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் ஆனவர்.

என்னைப் பார்த்தார். பதினோரு வருடத்தில் முதல் பேச்சு:

"சார், நின்னுட்டிருக்கீங்களே! பின்னாடி மோட்டர் ரூம். சாவி ஜன்னல்ல. போய்ப் போடுங்க சார், சீக்கிரம்!"

போனேன். ஏன் போனேன் என்று இப்போதும் தெரியவில்லை. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. எங்கள் வீட்டு மோட்டாருக்கும் இதே வியாதி. குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும். மூடியைக் கழற்றி ஒரு குடம் ஊற்றினேன். இருமியது. இன்னொரு குடம். பொத்துக்கொண்டு வந்தது! வரிசையில் இருந்த பெண்கள் "ஓ"வென்று கத்தினார்கள். எனக்கு யாரும் இதுவரை அப்படிக் கத்தியதில்லை.

பிறகு மூன்று மணி நேரம் அங்கேதான். "கம்மியா ஊத்துங்கம்மா, பின்னாடி ஜாஸ்தி பேர் இருக்காங்க!" கத்துவது என் குரல். போளூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தி, மாமியாரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய் வந்தாள். வெளியே வந்து ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எந்த சாமி கோயிலுங்க இது?"

"இயேசு சாமிங்க."

சிலுவையைப் பார்த்து ஒரு கும்பிடு. "நல்லா இருக்கட்டுங்க அவரு!"

பிறந்ததில் இருந்து எத்தனை ஜெபம் கேட்டிருக்கிறேன். எல்லாம் அவரிடம் எதையாவது கேட்பது. அவருக்காக வேண்டிக்கொண்ட ஒருத்தியை இன்றுதான் பார்த்தேன்.

ஏழுக்குக் கிளம்பும்போது த. பக்கத்தில் வந்தார். "சார், அன்னிக்கு கமிட்டில நீங்க சொன்னப்போ நான்..."

"மோட்டர்ல வாஷர் தேஞ்சிருக்கு. மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். மன்னிப்பைக் கேட்க வைத்து, நின்று வாங்கிக்கொள்ளும் தெம்பு இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

இடுப்பு, தோள், இரண்டு முழங்கால். தைலம். பேராயர் கடிதம் இழுப்பறையில். அனுப்பவில்லை. கிழிக்கவும் இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

மாலை ஆயர் வீட்டுக்கே வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பேராயர் அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிருக்கிறதாம். போனில் பெரிதாக்கிப் படித்துக் காட்டினார். வளாகம் அசுத்தம். தண்ணீர் ஏற்பாடு இல்லை. செயலரின் எதேச்சாதிகாரம். சபையாரைக் கலக்கவில்லை. வேறு வழிபாட்டுக்குத் துணை போவது.

கடைசி ஒன்றைத் தவிர எல்லாம் என் கடிதம்! எழுத்து என்னுடையதல்ல, ஆனால் ஒவ்வொரு வரியும் எனக்கு முன்பே தெரிந்திருந்தது. நான் முடிக்காமல் விட்டதை எவனோ முடித்து அனுப்பியிருக்கிறான்.

"அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணைக்கு ஆள் வராங்க. கழிவறையப் பூட்டணும்பாங்க போல. தன்ராஜ் அண்ணன் ராஜினாமா எழுதி பாக்கெட்லயே வெச்சுட்டிருக்காரு." ஆயர் எழுந்திருக்கவில்லை. "சார், கேக்கக் கூடாதுதான். நீங்க எழுதலையே?"

"இல்லை."

பொய் இல்லை. ஆனால் இழுப்பறை இரண்டடி தூரத்தில் இருந்தது.

அவர் போன பிறகு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். பதினோரு வருடம் காத்திருந்தது நடக்கப் போகிறது. த. போகிறார்! நான் ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். உட்கார முடியவில்லை. சந்தோஷம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

திருவிருந்து ஆராதனை. சமாதானம் கொடுக்கும் நேரம். எங்கள் வழக்கப்படி ஆயர் முன்வரிசையில் ஒருவரின் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துக் கொடுப்பார், அவர் பின்னால் இருப்பவருக்கு, அப்படியே கை மாறி மாறிக் கடைசி வரிசை வரை. த.வின் கை வழியாக வந்துவிடக் கூடாது என்று தூணோரம் இடம் பார்த்து வைத்திருக்கிறேன். பதினோரு வருடம் தவறவில்லை. இன்று என் பக்கத்து ஆளோடு நின்றுவிட்டது. அவர் கைக்கடிகாரத்தைச் சரிசெய்ய ஆரம்பித்தார். என் இரண்டு கையும் நீட்டியபடி.

வெளியே செருப்புப் போடும்போது தூணுக்கு அந்தப் பக்கம் இரண்டு குரல்:

"அவருதான்டி, வேற யாரு? மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கினு எத்தன வருஷமா திரியறாரு."

"அன்பைப் பத்தி அவ்ளோ நல்லா எழுதுவாரே!"

"எழுதுவாரு, எழுதுவாரு."

சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் நடந்ததைச் சொன்னேன். கிரேஸ் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை போயி நான் இல்லன்னு சொல்லுங்க. எதுக்கு பயம்?"

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மழை. பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன். விடியும்போதே எழுந்து எழுதினேன். பேராயருக்கு. இழுப்பறையில் இருந்தது கிழிந்து குப்பைக்கூடையில்.

எழுத எழுத வருகிறது! வரிசையில் நின்ற பெண்கள், இருமிய மோட்டார், இரண்டு பக்கெட்டோடு செயலர், ஆபரேஷன் ஆன நெஞ்சு, போளூர் அம்மாவின் கும்பிடு. எதற்காகப் படைக்கப்பட்டோம் என்று வருடக்கணக்கில் விளக்கம் கேட்டிருக்கிறோம், ஐயா, விளக்கம் அடி அண்ணாமலையில் முழங்கால் வரை பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறது, பூட்டிவிடாதீர்கள். இப்படி முடித்தேன்.

முதல் பிரதியில் ஒரு பத்தி: இந்த யோசனையை முதலில் சொன்னவன் நான். அடித்தேன். இரண்டாவதில் வேறு வேஷத்தில் வந்தது: "பல்லாண்டுகளுக்கு முன்பே சபையார் ஒருவர்..." அடித்தேன். மூன்றாவது சுத்தம். கீழே என் பெயரை எழுதப் போனதும் அந்தப் பத்தி மறுபடி மேலே ஏறப் பார்க்கிறது.

பெயர் போட்டால்: மற்ற கடிதம் என்னுடையதல்ல என்று ஊருக்கே தெரியும். (இது வேண்டும். ரொம்ப வேண்டும்.) த. பழத்தோடு வீட்டுக்கு வருவார், நன்றி சொல்வார். (தாங்காது.) வெள்ளிக்கிழமை முழுக்க என்னைப் பற்றியே பேசுவார்கள். இவனுக்கு என்ன வேணுமாம், ஏன் திடீர்னு கட்சி மாறினான் என்று. கழிவறை பேச்சுக்கே வராது.

கிரேஸ் படித்தாள். இந்த முறை உட்கார்ந்து.

"பேரு போடலன்னா அந்தக் கெட்ட கடுதாசி உங்க தலையிலதான் இருக்கும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"அவரப் புடிச்சுப் போச்சா இப்போ?"

"இல்ல. சுத்தமா இல்ல."

"சரி" என்றாள். உறையை அவளே எடுத்து வந்தாள்.

மழை விட்டிருக்கிறது. மூன்றரைக்குத் தபால் எடுப்பார்கள். உறையை ஒட்டிவிட்டேன். அனுப்புநர் இடம் காலி. பெயர் போடாமலே போட்டுவிடப் போகிறேன்.