தாளிக்காத நாட்கள்

மே 17, திங்கள்

கத்திரி வெயில். காலையிலேயே கொல்லைத் தரை காலைச் சுட்டது. மாவு அரைக்க. கேஸ் பதிய. குட்டிக்கு நகம் வெட்ட (தூங்கும்போது).

செந்திலுக்குக் காய்ச்சல் விடவில்லை. விதைநெல் வாங்கத் திருப்பனந்தாள் போய்க் கூட்டத்தில் நின்றுவிட்டு வந்ததிலிருந்து இப்படி. பின்கட்டு அறையில் தனியாகப் படுத்திருக்கிறார். குழந்தைகள் அந்தப் பக்கம் போகாமல் பார்ப்பதே என் முழுநேர வேலை. யாழினிக்கு ஆறு வயது, சொன்னால் நிற்கிறாள். போன வருஷம் முழுக்கப் பள்ளியைச் செல்போனில் பார்த்தவள், எதற்கும் பழகிவிட்டாள். குட்டிக்கு இரண்டு கூட ஆகவில்லை. கதவுக்கு அடியில் விரலை விட்டு "ப்பா, ப்பா" என்கிறான். அந்த விரலை ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன்.

மாம்பழம் நறுக்கி அறை வாசலில் வைத்தேன். உள்ளேயிருந்து குரல்: "என்ன பழம் இது? வாசனையே இல்ல. தண்ணிப் பழமா?"

வீடு முழுக்க மணத்துக்கொண்டிருந்தது. யாழினி என்னைப் பார்த்தாள். "ஆமாங்க, தண்ணிப் பழம்" என்றேன்.

மே 18, செவ்வாய்

வெயில் அப்படியே. கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சண்டை.

"டெஸ்ட் எடுத்துடலாங்க. ஒரு குச்சிதானே."

"எடுத்து? தெருவையே தகரம் வச்சு அடைச்சிட்டுப் போவான். குறுவைக்கு நாத்து விடணும். கொரோனா வீடுன்னு பேராயிட்டா நம்ம நடவுக்கு எந்தப் பொம்பள வந்து எறங்குவா?"

அதில் நியாயமே இல்லையென்றால் பதில் சொல்லியிருப்பேன்.

சாயங்காலம் பார்த்தால் வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, கொல்லை வழியாகச் சுற்றிப் போய் அவரே செருகியிருக்கிறார். "அம்மை போட்டிருக்குன்னு சொல்லிடு. ஒருத்தரும் உள்ள வரமாட்டாங்க. ஏன்னும் கேக்கமாட்டாங்க." ஒருவிதத்தில் கெட்டிக்காரத்தனம்தான். அரசாங்கம் கேட்கிற அதே தனிமை, கொஞ்சம் மரியாதையோடு.

எதிர் வீட்டு மல்லிகா அக்கா பால் ஊற்ற வந்து, வேப்பிலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"யாருக்கும்மா?"

"அவருக்குத்தான்க்கா."

கதைகளில் பொய் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதும் எரிச்சல் வரும். அது இவ்வளவு சுலபம் என்று தெரியாது. பால் பாத்திரத்தை நீட்டிக்கொண்டே சொல்ல முடிகிறது.

மே 19, புதன்

அம்மை வீட்டில் தாளிக்கக் கூடாது. கடுகு வெடித்தால் வாசம் எதிர் வீடுவரை போகும். அதனால் தாளிக்காத குழம்பு, தாளிக்காத ரசம். பொய்க்கும் சமையல்முறை இருக்கிறது.

யாழினி: "ஏம்மா எல்லாம் ஆஸ்பத்திரி சாப்பாடு மாதிரி இருக்கு?"

அவள் பொம்மைக்கும் அம்மையாம். சிவப்பு ஸ்கெட்ச்சைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். "அப்பாவுக்கு எங்கெங்க புள்ளி இருக்குன்னு கேட்டுச் சொல்லு. அதே எடத்துல வைக்கறேன்."

ஆக்ஸிமீட்டர் 95. விரலை மாற்றினால் 94. திரும்ப 95. அவர் இருமும்போதெல்லாம் கையில் இருக்கிற வேலை நின்றுவிடுகிறது.

கேஸ் இன்னும் பதியவில்லை.

மே 20, வியாழன்



குட்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். துடைத்துத் தூக்கிக்கொண்டு வந்தால் பின்கட்டு அறைக்குள் மல்லிகா அக்கா. கொல்லை வழியாக வந்திருக்கிறாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் அவருக்கு வீசிவிட்டுக்கொண்டிருந்தாள். கீழே ஒரு சொம்பில் கேழ்வரகுக் கூழ். முகத்தில் மாஸ்க் இல்லை. அவருக்கும் இல்லை.

"அக்கா, நீங்க ஏன்க்கா உள்ள..."

"எனக்கென்ன பயம்? சின்ன வயசுலயே ஆத்தா வந்து வெளாடிட்டுப் போயிட்டா. மூஞ்சியப் பாத்தாத் தெரியல?" கன்னத்துத் தழும்புகளைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். "ஒருதரம் வந்தவகிட்ட மறுக்கா வரமாட்டா. நீ ரெண்டு புள்ளைய வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ? நான் பாத்துக்கறேன். முத்து ஒண்ணுகூட இன்னும் வெளிய வரலம்மா. உள்ளயே நிக்கிறா, அதான் இந்தக் கொதி."

எப்படி மறந்தோம்? அம்மை வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். ஏற்கெனவே அம்மை கண்டவர்களைத் தவிர. அவர்கள் வந்தே தீருவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து வீசுவதற்கென்றே வருவார்கள்.

அக்கா போனதும் அவர்: "தூக்கத்துல இருந்தேன். கண்ணத் தொறந்தா ஒக்காந்திருக்கு. எந்திரிச்சுப் போங்கன்னு எப்படிச் சொல்றது?"

அக்காவின் மகள் சுதா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். நிறைமாதம். அவள் கணவன் சிங்கப்பூரில். அந்த வீட்டில் அம்மாவும் மகளும் இரண்டு மாடுகளும்தான். தினம் சாயங்காலம் அக்கா மகளின் காலைத் தன் மடியில் வைத்து நீவிவிடுவது எங்கள் ஜன்னலிலிருந்து தெரியும். இன்றும் தெரிந்தது. திரையை இழுத்துவிட்டேன்.

மே 21, வெள்ளி

காற்றே இல்லை.

"ஒரு தடவதானே வந்துச்சு. ஒண்ணும் ஆகாது" என்கிறார்.

"சுதாவுக்கு?"

இருமினார். கெட்டவர் இல்லை, அடைமழையில் அக்காவின் மாடு வாய்க்காலில் விழுந்தபோது முதலில் இறங்கியவர் இவர்தான். பின்னால் இதைப் படிக்கும்போது நான் மறந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

காலையிலேயே அக்கா புது வேப்பிலையோடு தெருவைக் கடந்து வந்தாள். ஓடிப்போய்க் கேட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"உள்ள வராதீங்கக்கா. அவருக்கு அம்மை இல்ல."

"பின்ன?"

"கொரோனாவா இருக்கும். டெஸ்ட் எடுக்கல. நாங்க... பொய் சொல்லிட்டோம்க்கா."

கையிலிருந்த கொத்தைப் பார்த்தாள். திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். சுதா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

"முத்து வரலேன்னப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்" என்றாள் அக்கா. அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தெருவின் நடுவிலேயே நின்று கத்தினாள்: "அடியே சுதா, அங்கயே நில்லு! கிட்ட வராத. என் பொடவையும் பாயும் எடுத்து வெளிய போடு."

"என்னம்மா ஆச்சு?"

"போடுன்னா போடுடி!"

பாயை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குள் போய்விட்டாள். வாசல் வேப்பிலையை உருவி எறிந்தேன். சுகாதார நிலைய நர்ஸுக்கு நானே போன் செய்தேன்.

மே 22, சனி

எல்லோர் மூக்கிலும் குச்சி. குட்டியின் அலறல் இன்னும் காதில். அவருக்கு மாத்திரைகள். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து, தெருவின் இரண்டு பக்கமும் குறுக்கே தகரம்.

தகரத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு குரல்கள். யாரென்று தெரியவில்லை.

"படிச்ச பொண்ணு, இப்படிப் பண்ணலாமா?"

"படிச்சதாலதான்டி இவ்வளவு நேக்காப் பொய் வருது. நமக்கெல்லாம் வருமா?"

அக்காவின் பாலை வாங்க ஆளில்லை. கன்றுக்குட்டிக்குக் கொண்டாட்டம்.

அவர் என்னோடு பேசவில்லை. மாலையில் ஒரே வாக்கியம்: "நாத்தங்காலுக்குச் சொன்ன ஆள் வரலயாம்." ஆக்ஸிமீட்டர் 96 என்பதை நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இன்று தாளித்தேன். யாழினி தட்டை வழித்துச் சாப்பிட்டாள். எனக்கு இறங்கவில்லை.

மே 23, ஞாயிறு

அவருக்குப் பாசிட்டிவ். எனக்கும் குழந்தைகளுக்கும் நெகட்டிவ். சுதாவுக்கும் நெகட்டிவ். அக்காவினுடையது மட்டும் வரவில்லை. நேற்றிரவு உடம்பு வலி என்றாளாம். சாணி அள்ளின வலியாகவும் இருக்கலாம்.

விடிந்ததும் சுதாவுக்கு வலி எடுத்துவிட்டது. ஒரு பக்கத் தகரத்தை விலக்கி ஆம்புலன்ஸ் வந்தது. துணைக்கு அடுத்த தெருவிலிருந்து அக்காவின் தங்கை. அக்கா கொட்டகை வாசலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கிருந்தே கத்தினாள்: "துண்டு எடுத்தியா? ஸ்கேன் பேப்பரு? வெந்நிக்கு பிளாஸ்க்கு? அவ முதுகப் புடிச்சுக்கடி!"

"நீயும் வாம்மா" என்றாள் சுதா, வண்டிப் படியில் ஒரு காலை வைத்தபடி.

"நீ ஏறு. நான் பின்னாலயே வரேன்."

வரமுடியாது என்று சுதாவுக்கும் தெரியும். ஏறிவிட்டாள்.

யாழினி ஜன்னலில். "பெரியம்மா ஏன் போகல?"

"நம்மாலதான்" என்றேன். வேறென்ன சொல்வது?

மே 24, திங்கள்

மேகம். மதியம் நாலு சொட்டு விழுந்து தகரத்தில் சத்தம் மட்டும் கேட்டது. துணி காயப்போட்டு, எடுத்து, மறுபடி காயப்போட்டேன்.

அக்காவின் ரிசல்ட் இன்னும் வரவில்லை.

சாயங்காலம் கொட்டகையில் செல் அடித்தது. கைவேலையைப் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போனேன். அக்கா வெளியே வந்து நின்றாள். எங்கள் வீட்டைப் பார்த்து, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் முறையாக எங்களிடம் பேசினாள்.

"பொண்ணு! ரெண்டு உசுரும் நல்லா இருக்காம்!"

கை கூப்பினேன். பார்த்தாளோ என்னவோ. பின்கட்டில் அவர் கட்டிலை விட்டு எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது.

யாழினி ஜன்னல் கம்பியில் ஏறிக்கொண்டு கத்தினாள்: "பெரியம்மா, பாப்பா யாரு மாதிரி இருக்கு?"

"தெரியலடி தங்கம். நான் இன்னும் பாக்கல."