வரிசையின் கடைசியில் வருகிறவன்

கொச்கோர்,
திங்கள் மாலை

அன்புள்ள கனிகெய்க்கு,

உன் கடிதத்தை லாரிக்காரர் பெக்தூர் நேற்று கொண்டுவந்து கொடுத்தார். கணவாய்க்கு அப்பால் தொலைபேசி வேலை செய்வதில்லை. ஆகவே இதையும் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருந்து படி. பிள்ளைகள் கண்ணில் படக் கூடாது.

விடுதியின் அடங்காப் பிள்ளைகளை ஓஷ் நகரம் வரை மிதிவண்டியில் அழைத்துப் போனால் திருந்திவிடுவார்கள் என்ற உன் திட்டத்தில் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. அதை மறைத்ததும் இல்லை. ஆயினும் புறப்பட்ட அன்று எல்லாருக்கும் ரொட்டி சுட்டேன். ஆளுக்கொரு வாய் கடித்துக் கொடுத்ததைச் சமையலறைச் சுவரில் மாட்டினேன். போனவர் திரும்பி வந்து மிச்சத்தைத் தின்ன வேண்டும். வேதியியல் கற்பித்தவள் என்பதற்காக அந்த வழக்கத்தை நான் விட்டுவிடவில்லை. அசீஸ் மட்டும் கடிக்க மறுத்தான். "திரும்பி வர்றவன்தான கடிக்கணும்? நான் ஏன் வரப்போறேன், கெழவி?" என்று சிரித்தான்.

கணவாயில் மூடுபனி சூழ்ந்த மாலைக்குப் பின் அவன் அடியோடு மாறிவிட்டான் என்று மகிழ்ந்து எழுதியிருக்கிறாய். வசவு இல்லை, சண்டை இல்லை. வரிசையின் கடைசியில் அமைதியாக வருகிறான். தன் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுகிறான். 'முயற்சி பலித்துவிட்டது, பெரியம்மா' என்கிறாய்.

அசீஸ் என் அடுப்பருகே உட்கார்ந்திருக்கிறான், கனிகெய்.

மூடுபனியில் சங்கிலி அறுந்து பின்தங்கினானாம். கத்தியிருக்கிறான், நீங்கள் நிற்கவில்லை. மேய்ப்பர்கள் கொடுத்த குதிரைப்பாலைக் குடித்துக்கொண்டு, வண்டியைத் தள்ளியபடியே நடந்து, இன்று காலை வந்து சேர்ந்தான். "ஏய் கெழவி, என் ரொட்டி எங்க?" என்பதுதான் முதல் பேச்சு. கால் கொப்புளங்களுக்கு மருந்திட்டபோது அவன் திட்டிய சில சொற்களை இந்த வயதில்தான் முதன்முறையாகக் கேட்கிறேன். ஐயமே இல்லை, இவன்தான் அவன்.

"அக்கா என்னைத் தேடுனாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். தேடினாள் என்று சொல்லிவைத்தேன். அவன் படித்துவிடாதபடி உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். "ஓடிட்டேன்னு நெனப்பாங்க. ஓடல, வழி தவறிட்டேன்னு எழுது" என்கிறான். எழுதிவிட்டேன்.

அவனுடைய வண்டி என் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அங்கே உங்கள் பின்னால் வருவது எதன்மேல் ஏறி வருகிறது என்று நான் கேட்கப்போவதில்லை. நீயும் உற்றுப் பார்க்காதே. கடிந்துகொள்ளாதே, முக்கியமாக, அசீஸ் என்று கூப்பிடாதே. பொழுது சாயுமுன் பிள்ளைகளை பெக்தூரின் லாரியில் ஏற்று. ஏறுமுன் ஒவ்வொருவர் கையிலும் ரொட்டி கொடு. கடித்து விழுங்குகிறவர்கள் மட்டும் ஏறட்டும். ஒரே மாலையில் திருந்திய பிள்ளையை நான் என் வகுப்பில் ஒருநாளும் கண்டதில்லை.

இவன் தன் ரொட்டியில் ஒரே ஒரு வாய் கடித்துவிட்டு, தானே ஆணியில் மாட்டியிருக்கிறான். பசி கண்ணில் தெரிகிறது. "மிச்சத்த அக்கா வந்ததும் தின்னுக்கறேன்" என்கிறான். பக்கத்தில் உன் பல் பதிந்த ரொட்டி கல்லாய்க் காய்ந்து தொங்குகிறது. என்னால் அதை மெல்ல முடியாது. நீயே வந்து தின்றுவிடு.

வாசல் விளக்கை அணைக்காமல் காத்திருக்கும்
உன் பெரியம்மா,
சேயில்கான்