அண்ணத்தில் எடுத்த சதை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இன்று மறுபடியும் தேயிலை ருசி பார்க்கும் வேலைக்குப் போனேன். சூடான தேநீரை உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்பினேன். பல் கூசவில்லை. ருசியும் பழையபடியே தெரிகிறது.

ஈறு ஏறி வேர் தெரிந்த மேல்வரிசைப் பற்களுக்கு இரண்டு வழி சொன்னீர்கள். சின்னத் துளை போட்டு, இருக்கிற ஈறையே கீழே இழுத்துவிடுவது ஒன்று. மேலண்ணத்துச் சதையைக் கொஞ்சம் எடுத்து ஈறோடு சேர்த்துத் தைப்பது இன்னொன்று. அண்ணம்தான் என் பிழைப்பு என்பதால் முதல் வழிக்கே அடம்பிடித்தேன்.

"உங்க ஈறு ரொம்ப மெல்லிசு மாமா, இழுத்தா நிக்காது. அண்ணத்துப் புண் ஆறிடும், நான் பொறுப்பு" என்றீர்கள்.

கடைசியில் சம்மதித்து, மரத்துப்போக ஊசி போட்ட பிறகும் கேட்டேன்: "ருசி போயிட்டா?"

"அப்போ உங்க பொண்ணு சமையலை நீங்களும் பயமில்லாம சாப்பிடலாம்."

வாய் மரத்திருந்தும் சிரிப்பு வந்தது.

உங்கள் கல்யாணத்துக்கு வராதவன் உங்கள் முன்னால் வாயைத் திறந்து படுத்திருந்தேன். வேறு டாக்டரிடம் அனுப்பியிருக்கலாம். நீங்கள் ஒரு குத்தல் பேச்சுகூடப் பேசவில்லை. அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பிட வரலாமா என்று அவளிடம் கேட்டுச் சொல்லுங்கள். நேரில் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

நன்றியுடன்,
உங்கள் மாமா