ஞாயிற்றுக்கிழமை நான் வராத காரணம்

என் அன்பான ஏனுங்களுக்கு,

கட்டிக்கொண்ட நாளிலிருந்து உங்களை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏனுங்க என்றால் திரும்பிப் பார்ப்பீர்கள், அதுவே போதுமாக இருந்தது. பேப்பரில் வந்து ஊரே படிக்கப்போகிற கடிதம் என்பதற்காக அருளப்பன் என்று எழுதினால் யாரோ அந்நிய ஆளுக்கு எழுதுவது போலிருக்கிறது. அதனால் பழையபடியே கூப்பிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் உங்களிடம் வரவில்லை. பூசை முடிந்ததும் வழக்கம்போலச் சாமந்திப்பூ வாங்கிக்கொண்டு எஸ்டேட் கேட் வரைக்கும் வந்தேன். பூட்டியிருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பூவைக் கம்பியில் செருகிவிட்டுத் திரும்பிவிட்டேன். அந்தப் பக்கம் காப்பி பூத்து வெள்ளை வெளேரென்று கிடந்தது. வாசனை ரோடு வரைக்கும் கூட வந்தது.

இனி வரும் ஞாயிறுகளிலும் வர முடியாது. பூட்டியது எஸ்டேட்காரர்கள். ஆனால் பூட்டிக்கொள்ளட்டும் என்று சொன்னவள் நான்தான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசிவரை கேளுங்கள். அது உங்களுக்கு வராத பழக்கம் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் ரைட்டராக இருந்து ஆள் பேர் எழுதிய அந்த எஸ்டேட், நீங்கள் போன சில மாதத்தில் கை மாறிவிட்டது. புதிதாக வாங்கியவர்கள் உள்ளே காட்டேஜ் கட்டுகிறார்கள். தோட்டத்து நடுவே நம் கல்லறைக்கும், அதை ஒட்டியிருக்கும் மலைக்காரர்கள் இடுகாட்டுக்கும் போகிற பாதை அவர்கள் கண்ணை உறுத்தியது. டூரிஸ்ட் வருகிற இடத்தில் சவம் போனால் நன்றாக இல்லையாம். கேட் போட்டுப் பூட்டினார்கள். வேறு வழியில் வரவேண்டுமானால் பஸ்ஸில் மலையைச் சுற்றிப்போய் இறங்கி, செங்குத்தாக ஏற வேண்டும். என் முழங்காலைப் பற்றி உங்களுக்குத் தெரியாததில்லை.

பூட்டை உடைக்க வழி தேடியவள் வள்ளி. மேல்காட்டு வள்ளி, நினைவிருக்கிறதா? காப்பிப் பழம் எடை போடும்போது தராசைப் பிடித்துக்கொண்டு உங்களிடமே மல்லுக்கு நிற்பாளே, அவள்தான். ஊரெல்லாம் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தாள். விசாரணை முடியும்வரை கேட் திறந்திருக்க வேண்டும் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அந்த மனுவின் புண்ணியத்தில்தான் இத்தனை ஞாயிறும் உங்கள் கல்லின்மேல் உட்கார்ந்து பேப்பர் சேதியெல்லாம் சொன்னேன்.

அதன்பிறகு ஊராட்சித் தேர்தல் வந்தது. தலைவர் பதவி பெண்களுக்கு. வள்ளி நிற்கிறேன் என்றாள். மேல்காட்டுக்குத் தண்ணீர்க் குழாய், கூலிக்காரர் வீடுகளுக்குப் பட்டா, பாதைக்கு உரிமை என்று அவள் பேசியதைக் கேட்டால் உங்களுக்குப் பிடித்திருக்கும். முதல் கூட்டத்திலேயே, தலைவரானால் மதிப்பூதியத்தில் ஒரு பைசா தொடமாட்டேன், சேவைதான் செய்வேன் என்றும் சொல்லிவிட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. அச்சு அசலாக உங்கள் பேச்சு அது.

முன்னாள் எம்.எல்.ஏ.க்களுக்குப் பென்ஷன் கூட்டினார்கள் என்று பேப்பரில் வந்த அன்று நம் ஊட்டில் நடந்த சண்டையை மறந்திருக்கமாட்டீர்கள்.

"ஏம்புள்ள, ஒருக்கா ஜெயிச்சு ஒக்காந்து எந்திரிச்சா ஆயுசுக்கும் பென்ஷனா? காலமெல்லாம் காப்பி பறிச்சவளுக்கு என்னத்தக் குடுத்தாங்க?" என்று குதித்தீர்கள்.

"அவளுக்கும் குடுன்னு கேளுங்க. அவங்களுதப் புடுங்குன்னு கேட்டா இவளுக்கு என்னங்க வரும்?" என்றேன்.

"பொதுவேலைக்குக் கூலி வாங்குனா அது சேவையில்ல புள்ள."

"கூலி இல்லீன்னா யாரு நிப்பாங்க? எஸ்டேட் வெச்சிருக்கறவங்க நிப்பாங்க. ஒரு நாள் கூலி போனா அடுப்பு எரியாதவ எப்படி நிப்பா?"

நீங்களும் ஒரு முறை வார்டு மெம்பராக இருந்தீர்களே. கூட்டத்துக்குக் கொடுக்கிற படியைக்கூட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தீர்கள். கூட்டத்துக்குப் போன நாளெல்லாம் எஸ்டேட்டில் சம்பளம் பிடித்தார்கள். அங்கன்வாடி டீச்சர் வேலையில் எனக்கு வந்ததை வைத்துத்தான் குடும்பம் ஓடியது. ஊருக்கு நீங்கள் செய்த சேவைக்குச் சம்பளம் கொடுத்தது நான்தான் என்று அன்றைக்கு முகத்துக்கு நேரே சொன்னேன். அத்தோடு விட்டேனா?

"சும்மா செய்யறவங்களப் போயி, ஏன் செய்யலீன்னு எவன் கேப்பான்? சம்பளம் வாங்கறவங்களத்தான சட்டையப் புடிச்சுக் கேக்க முடியும்?"

நீங்கள் வாயைத் திறந்து, மூடி, எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தீர்கள். நம் சட்டப்படி பேச்சு நின்றுபோனவர்தான் காப்பி போட வேண்டும்.

அந்தச் சட்டத்தையும், அதற்கான விளையாட்டையும் கண்டுபிடித்தது நீங்கள்தான். எந்தத் தேர்தல் வந்தாலும் ஒரு கையில் காப்பிக்கொட்டையும் மறு கையில் மிளகும் வைத்து மூடி நீட்டுவீர்கள், நான் ஒன்றைத் தொடுவேன். காப்பிக்கொட்டை வந்தால் ஆதரித்துப் பேச வேண்டும், மிளகு வந்தால் எதிர்த்துப் பேச வேண்டும். மனசில் என்ன இருந்தாலும் சரி. பேசி முடித்த பிறகு ஓட்டு அவரவர் விருப்பம்.

ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப் டீக்கடையில் இதை விளையாடப்போய் நீங்கள் மாட்டிக்கொண்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. காலமெல்லாம் நீங்கள் திட்டிக்கொண்டிருந்த ஆளுக்கு ஆதரவாகப் பேச அன்று உங்களுக்குக் காப்பிக்கொட்டை விழுந்தது. நீங்களும் விட்டுக்கொடுக்காமல் அவரை வானளாவப் புகழ்ந்து தள்ளினீர்கள். பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு அது விளையாட்டென்று எப்படித் தெரியும்? ரைட்டரே சொல்கிறார் என்று போய்க் குத்திவிட்டார்கள். அந்த ஆள் ஜெயித்து, கழுத்து மாலையோடு நேராக நம் வாசலுக்கு வந்து, "உங்க பேச்சுதாங்க ரைட்டரே என்னைய ஜெயிக்க வெச்சுது" என்றார். நீங்கள் பல நாள் கடைவீதிப் பக்கமே தலைகாட்டவில்லை.

சரி, வள்ளி கதைக்கு வருகிறேன். வேட்புமனு கொடுக்கும் நாள் நெருங்கும்போது ஒரு மத்தியானம் ஊட்டுக்கு வந்தாள். பனி இறங்கி முக்காடெல்லாம் நனைந்திருந்தது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"எஸ்டேட்காரங்களுக்கு வேண்டப்பட்ட பெரிய கட்சிக்காரரு ஆள் வுட்டாருங்க டீச்சரம்மா. கேட் மனுவ வாபஸ் வாங்கிக்கிட்டா எதுத்து ஆள் நிறுத்த மாட்டாங்களாம். அன்னபோஸ்ட்டா வந்துரலாமாம். தண்ணிக் கொழாய்க்கும் குறுக்க நிக்க மாட்டாங்களாம். சாவு வந்தாலும், உங்க கல்லறத் திருநாளுக்கும், எங்க படையலுக்கும் தொறந்து வுடுவாங்களாம். மத்த நாள் பூட்டுத்தானுங்க."

"நீ என்ன சொன்ன?"

"உங்களக் கேக்காம எப்படீங்க சொல்லுவேன்?"

என்னை ஏன் கேட்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். அவள் அப்பாவும் அந்த இடுகாட்டில்தான் இருக்கிறார். ஆனால் வாரம் தவறாமல் அந்தப் பாதையில் பூவோடு போகிறவள் நான் ஒருத்திதான்.

அஞ்சறைப் பெட்டியிலிருந்து மிளகும், டப்பாவிலிருந்து ஒரு காப்பிக்கொட்டையும் எடுத்தேன். நீங்கள் போன பிறகு அன்றுதான் முதல் தடவை. சட்டத்தைச் சொல்லி அவளையே கையை நீட்டச் சொன்னேன். நான் தொட்ட கையில் காப்பிக்கொட்டை இருந்தது. அவளுக்கு மிளகு. அந்தப் பேரத்துக்கு ஆதரவாக நான் பேச வேண்டும், அவள் எதிர்க்க வேண்டும். எப்படி விழுந்தது பாருங்கள்.

"போட்டி வந்தா பணத்த எறக்குவாங்க. நீ தோத்துருவ கண்ணு. தோத்துட்டு மனுவ மட்டும் வெச்சு என்ன பண்ணுவ? தண்ணியும் போகும், வழியும் போகும்."

"இன்னைக்கு இத வுட்டுக்குடுத்தா நாளைக்கு வேற ஒண்ணக் கேப்பாங்க. அவங்க தயவுல வந்து ஒக்காந்துட்டு அப்பறம் எதுக்கு வாயத் தொறக்க முடியுங்க?"

"முழுசா கெடைச்சாத்தான் வாங்குவேன்னா, அதுவரைக்கும் மேல்காட்டுப் பொம்பளைங்க கொடத்தத் தூக்கிக்கிட்டே திரியணுமா? உன்ற மக இடுப்பு ஒடியறது உனக்குத் தெரியலியா? எறந்தவங்க காத்துக்கிட்டிருப்பாங்க. தாகத்துக்குக் காத்திருக்கத் தெரியாது கண்ணு."

நான் நன்றாகத்தான் பேசினேன். பேசப் பேச நீங்கள் கையை ஆட்டுகிற மாதிரியே என் கையும் ஆடியது.

"எறந்தவங்களுக்கு ஓட்டு இல்ல, அதனாலதானுங்க அவங்க வழிய அடைக்கச் சொல்றாங்க. நான் கூடையத் தூக்கிக்கிட்டு வரும்போது பாத்திருக்கேன், ரைட்டரய்யா கல்லுமேல ஒக்காந்து நீங்க சண்ட போட்டுக்கிட்டு இருப்பீங்க. பாத்தா சிரிப்பாவும் இருக்கும், நொம்ப அழுகையாவும் இருக்கும். அந்த வழியப் பூட்டிப்போட்டு நான் எப்படீங்க சேர்ல ஒக்காருவேன்?"

எழுந்துபோய்க் காப்பி போட்டேன். பால் பொங்குகிற வரைக்கும் அழுதேன். ஏன் மறைக்க வேண்டும்? உங்களை இழந்தது ஒரு தடவை. இந்த ஞாயிறுகளையும் இழக்க வேண்டுமா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

பேச்சில் தோற்றுப்போனேன். ஆனால் ஓட்டு அவரவர் விருப்பம்தானே? இரண்டு டம்ளரையும் கொண்டுவந்து வைத்து, "ஒத்துக்க கண்ணு" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ரைட்டரய்யா இருந்தா ஒத்துக்குவாருங்களா?"

"ஒத்துக்க மாட்டாரு. அவரு பேசறதுக்கு நல்ல மனுசன். இந்த ஊட்டுக்குத் தண்ணி தூக்குனவ நானு."

இன்னொன்றும் சொன்னேன். மதிப்பூதியத்தை வாங்க வேண்டும், வேண்டாம் என்று இனி மேடையில் சொல்லக் கூடாது என்றேன். நாள் கூலி போனால் யார் சோறு போடுவார்கள் என்று கேட்டேன். உனக்கு முன்னால் ஒரு ஆள் சேவை செய்து நான் பட்டது போதும் என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள். சரீங்க என்றாள்.

அன்னபோஸ்ட்டாக வந்துவிட்டாள். மேல்காட்டுக்குக் குழாய் பதிக்கக் குழி தோண்டிக்கொண்டிருக்கிறார்கள், தண்ணீர் இன்னும் வரவில்லை. ஊரில் பாதிப் பேர் வள்ளி விலை போய்விட்டாள் என்கிறார்கள். என்னைப் பற்றியும் பேசுவார்கள், காது கேட்க யாரும் சொல்லவில்லை. நான் செய்தது சரியா? சரி என்று சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். தப்பென்று காரணத்தோடு எடுத்துச் சொல்ல நீங்கள் ஒருவர்தானே இருந்தீர்கள். சேதி வாசித்து முடித்ததும் பழக்கத்தில் உங்கள் நாற்காலிப் பக்கம் திரும்புகிறேன். யாரும் மறுத்துப் பேசாத ஊட்டில் இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுங்களா?

நேற்று ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அவளுக்கு முதல் மதிப்பூதியம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் போனேன்.

"சம்பளம் வந்துருச்சா கண்ணு?"

"வந்துருச்சுங்க டீச்சரம்மா."

"அப்ப சொல்லு. கல்லறைக்கு வழி என்னாச்சு?"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலை குனியவில்லை. "மாசாமாசம் வந்து கேளுங்க. நீங்க வரலீன்னா நான் இந்த சேருக்குப் பழகிப்போயிருவனோன்னு பயமா இருக்குதுங்க" என்றாள்.

போவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. அவளுக்குச் சம்பளம் வருகிற ஒவ்வொரு மாதமும் போய் அதே கேள்வியைக் கேட்பேன். மனுவை வாபஸ் வாங்குகிறேன் என்றுதான் அவள் ஒத்துக்கொண்டாள். கிராம சபையில் யாரும் எழுந்து நின்று பாதையைக் கேட்கக் கூடாது என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. முழங்கால் வலித்தாலும் அங்கே நான் எழுந்து நிற்பேன்.

கல்லறைத் திருநாளுக்குக் கேட் திறப்பார்கள். அன்றைக்கு முதல் ஆளாக வருவேன். மிளகை உங்கள் கல்லின்மேல் வைப்பேன், காப்பிக்கொட்டை என் கையில் இருக்கும். நான் செய்தது தப்பென்று நீங்கள் பேச வேண்டும். பழையபடி கையை ஆட்டி, குரலை உயர்த்தி, விடாமல் பேச வேண்டும். பிளாஸ்கில் காப்பியைப் போட்டே கொண்டுவந்துவிடுகிறேன்.

உங்களை எதிர்த்துப் பேசியே வாழ்ந்த
உங்கள் பெண்டாட்டி,
ஜெபமாலை