கருவாட்டுக்குப் பக்கத்தில் காய்ந்த மரம்

தூத்துக்குடி,
வியாழக்கிழமை.

அன்பு மகள் ஜாஸ்லினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்குக் கொஞ்சம் ஏறியிருந்த சர்க்கரை, நான் மக்ரூன் டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்ததிலிருந்து இறங்கிவிட்டது. தினமும் போனில் பேசுகிறவளுக்குத் திடீரென்று ஏன் கடிதம் என்று யோசிப்பாய். காரணம் இருக்கிறது, பொறுமையாகப் படி.

நீ கொடுத்துவிட்ட பாம்பு மரக்கட்டை பத்திரமாக வந்து சேர்ந்ததைச் சொன்னேன் அல்லவா. அதற்குப் பிறகு நடந்ததை மட்டும் உன்னிடம் மறைத்துவிட்டேன். நீ பதறுவாய் என்றுதான் சொல்லவில்லை. நீயும் செந்தூர்வேலும் ரோட்டர்டாம் சந்தையில் முதன்முதலாகச் சேர்ந்து வாங்கிய பொருள், கடைக்காரரிடம் அந்த ஒரு கட்டைதான் மிச்சம் இருந்தது, அதில் அம்மா கடைந்து தருகிற பேனாவால்தான் தை மாதம் கல்யாணத்தன்று கோவில் பதிவேட்டில் நீங்கள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று நீ சொன்னது எனக்கு வேதவாக்கு. நான் பூவரசிலும் வேம்பிலும் எத்தனையோ பேனா கடைந்திருக்கிறேன், இந்தச் சாதிக் கட்டையைத் தொட்டதே இல்லை. இரும்பு மாதிரி கனம், உடம்பெல்லாம் பாம்புத்தோல் வரி. நாலு நாள் பார்த்துவிட்டுத் தொடலாம் என்று லேத் மேலேயே வைத்திருந்தேன்.

ஒரு நாள் பூசை முடிந்து வந்து பார்த்தால் கட்டையைக் காணோம். மொட்டை மாடிக்குப் போனால் சாளைக் கருவாட்டுக்குப் பக்கத்தில், உச்சி வெயிலில், அதற்கென்று தனியாக ஒரு கோணியை விரித்து உன் அப்பா அதைக் காயப் போட்டிருக்கிறார்! பக்கத்திலேயே காக்கா விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், “ஏளா, கப்பல் மரம்னா ஈரமாத்தான் வரும், நான் யார்டுல பார்க்காத மரமா? நல்லா காஞ்சாத்தான் ஒனக்குக் கடையத் தோது”ன்னு சொல்லுதாரு. துறைமுகத்தில் ஆயுசெல்லாம் வண்டி வண்டியாக மரம் இறக்கின ஆள். ஆனால் உன் கட்டை என்ன அடிமரமா? விரல் தண்டி. எடுத்துப் பார்த்தேன், மேலிருந்து கீழே வரை நெடுகப் பிளந்து கிடந்தது. கருவாட்டு நாற்றம் வேறு.

வாயில் வந்ததையெல்லாம் திட்டித் தீர்த்துவிட்டேன். கீழே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உன் கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிற மனுஷன், மாப்பிள்ளை வேறு சாதி, வேறு வேதம் என்று முறுக்கிக்கொண்டு, நீ போன் பண்ணினால் என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறவர், பங்குச் சாமியாரிடம் போய்க் கல்யாண ஓலை கொடுங்கள், மூன்று ஞாயிறு பூசையில் வாசிக்க வேண்டும், ஆயரிடம் அனுமதி வேறு வாங்க வேண்டும் என்று நான் கெஞ்சியும் காது கேளாத மாதிரி இருந்தவர், அந்தப் பேனாக் கட்டைக்காக வெயிலில் உட்கார்ந்து காக்கா விரட்டியிருக்கிறாரே! மகளே, எனக்கு வந்த கோபமெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

இருந்தாலும் பிளந்த மரம் பிளந்ததுதானே. மரத்தூளை வைத்துப் பசை விட்டுப் பார்த்தேன், கறுப்பாகத் தழும்பு மாதிரி விழுந்தது. கல்யாணப் பேனாவில் அப்படி ஒரு கோடு இருப்பதை என்னால் சகிக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் அடுக்களையில் டொக் டொக்கென்று சத்தம். அப்பா இடி உரலை மடியில் வைத்துக்கொண்டு எதையோ இடிக்கிறார். முத்துக்குளித்த உன் தாத்தா கொண்டு வந்த சிப்பி ஜோடி இருக்கிறதே, அப்பா ஜெபமாலை போட்டு வைத்திருப்பாரே, சின்ன வயதில் நீ தொட்டதற்கு உன் காதைத் திருகினாரே, அதில் ஒரு பாதி. நான் பதறிப்போய்க் கையைப் பிடித்தால், “இன்னொரு பாதி இருக்குல்லா, போதும். இதை வச்சு அடைச்சுப் பாரு” என்கிறார்.

அந்தத் தூளைப் பிளவில் நிறைத்து, மேலே தண்ணீர் மாதிரி இளகின பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஆறவிட்டு, மறுபடியும் நிறைத்தேன். நடுவில் துளை போடும்போதுதான் உயிர் போய் உயிர் வந்தது. கொஞ்சம் சூடேறினாலும் இந்த மரம் விரிசல் விடும், அதனால் துளைப்பானை இழுத்து இழுத்து ஆறவைத்தேன், கடைந்த பிறகு உப்புத்தாளையும் தண்ணீர் தொட்டே தேய்த்தேன். அப்பா பக்கத்தில் நின்று, “சுடுதா, சுடுதா”ன்னு நிமிஷத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்க்கிறார். மெருகு ஏற்றி முடித்ததும் பார்க்க வேண்டுமே! பாம்பு வரிக்கு நடுவே நெடுக ஒரு கோடு, திருப்பத் திருப்ப ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் ரோஸ். பிளக்காமலே இருந்திருந்தால் இவ்வளவு அழகு வந்திருக்காது, சத்தியமாகச் சொல்கிறேன். நீ இப்போது படிக்கிற எழுத்தெல்லாம் அந்தப் பேனா எழுதியதுதான். கருவாட்டு வாசம் அடிக்கிறதா என்று முகர்ந்து பார்க்காதே, எலுமிச்சம்பழம் போட்டுத் துடைத்துவிட்டேன்.

பட்டுச்சேலைக்கு ரவிக்கை அளவு இன்னும் வரவில்லை, உடனே அனுப்பு. இளைக்கிறேன் என்று பட்டினி கிடக்காதே. செந்தூர்வேலின் அம்மா ஸ்ரீவைகுண்டத்திலிருந்து புது அரிசி கொடுத்துவிட்டார்கள், பாயாசம் வைத்தேன், அப்பா இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு யார் கொடுத்தது என்று மட்டும் கேட்கவே இல்லை. தெரியாமலா இருக்கும்!

பனிமய மாதா உங்கள் இருவரையும் தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும், நோய் நொடி இல்லாமல் ஊர் வந்து சேருங்கள். அடியில் கொஞ்சம் இடம் விடச் சொல்லி அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். என்ன எழுதப் போகிறார் என்று எனக்கும் தெரியாது, பேனாவை அவரிடம் கொடுக்கிறேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா தேவமணி.

ஜாஸ்லின், பேனா நல்லா எழுதுது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சதும் சாமியாரைப் பார்த்து ஓலை கொடுக்கப் போறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லு.
அப்பா.