ரெண்டாவது ஷெட்டு நாத்தம்

மார்ச் 12, புதன்

இன்றைக்கும் அதே நாத்தம். ரெண்டாவது ஷெட்டுக்குள் கால் வைத்ததும் குப்பென்று அடித்தது. இருபது வருஷமாய் கோழிப்பண்ணையிலேயே கிடக்கிறவள் நான். எரு வாசம் எது, செத்த கோழி வாசம் எது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். இது எரு இல்லை. எங்கேயோ ஒன்று செத்து நாலைந்து நாளாய் அழுகிக்கொண்டிருக்கிறது.

பண்ணை ஆள் பொன்னனைக் கேட்டால், காலையிலேயே செத்ததையெல்லாம் பொறுக்கிக் குழியில் போட்டுவிட்டேன் என்கிறான். அதையும் ரெண்டு எட்டு தள்ளி நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு சொல்கிறான். திருட்டு முழி.

அவன் பெண்டாட்டி மலர்விழி டீ கொண்டுவந்தாள். கிராம்பும் ஏலக்காயும் இடித்துப் போட்டு, டீயா கசாயமா என்றே தெரியவில்லை. ஒரு மாதமாய் இப்படித்தான் போடுகிறாள். பண்ணையில் முட்டை பொறுக்குகிறவளுக்கு இந்தப் பவுசு எதுக்கோ.

மார்ச் 15, சனி

ஷெட்டையே கழுவிவிட்டு, சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் போட்டாயிற்று. ஒவ்வொரு கூண்டாய் நானே குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. நாத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. சோற்றை வாயில் வைத்தாலே குமட்டுகிறது. வாந்தி வருகிற மாதிரியே நாளெல்லாம் இருந்தால் மனுஷி எப்படி இருப்பாள்?

என் வீட்டுக்காரர் வேறு, புழுக்கமாய் இருக்கிறதென்று கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மார்ச் 18, செவ்வாய்

பொன்னனைப் போகச் சொல்லிவிட்டேன். எட்டு வருஷம் இருந்தவன். இருந்தால் என்ன? செத்த கோழியை மறைத்து வைத்தால் சீக்கு பரவி ஷெட்டே காலியாகும். பண்ணைக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் வாய்ஸ் போட்டுவிட்டேன் - பொன்னன் செத்த கோழியைப் பொறுக்காமல் ஏமாற்றுகிறான், யாரும் சேர்க்காதீர்கள் என்று. மல்லசமுத்திரம் சுற்றுவட்டாரத்தில் இனி எவன் எடுக்கிறான் பார்க்கலாம்.

போகும்போது மலர்விழி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பொன்னன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டான். என்னத்தை மறைக்கிறார்களோ.

மார்ச் 20, வியாழன்

அவர்கள் போய் ரெண்டு நாள் ஆயிற்று. நாத்தம் போகவில்லை.

மார்ச் 24, திங்கள்

எப்படி எழுதுறதுன்னே தெரியலை.

செவ்வாய்ப்பேட்டைக்கு மளிகை எடுக்கப் போயிருந்தேன். அங்கேயும் அதே நாத்தம். சேலையில் ஏறிப்போச்சு போல என்று நினைத்துக்கொண்டேன். திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் நேரம் கேட்டேன். அவள் மடியில் இருந்த குழந்தை மூக்கைப் பொத்திக்கொண்டு, "அம்மா, இந்தப் பெரியம்மா வாய் நாறுது" என்றது. அவள் குழந்தையை ஒரு தட்டு தட்டினாள். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தை இழுத்துப் பார்த்தேன். இடதுபக்கம், கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கடியில் ஈறில் பாசிப்பயறு அளவுக்கு ஒரு கொப்புளம். அமுக்கினேன். மஞ்சளாய்ச் சீழ் வந்தது. விரலை மோந்து பார்த்தேன்.

அதேதான். ஷெட்டு முழுக்கத் தேடினேனே, அதே நாத்தம்.

வாஷ்பேசினில் வாந்தி எடுத்தேன். த்தூ. இதை வாயில் வெச்சுக்கிட்டா நான் ஊரையே நாறுதுன்னு பேசிட்டுத் திரிஞ்சேன்?

இவரைக் கூப்பிட்டு நிஜத்தைச் சொல்லுங்கள் என்றேன். தலையைச் சொறிந்தார். "ஒன்றரை மாசமா இருக்குது அம்மிணி. சொன்னா கடிச்சு வெப்பியேன்னு உட்டுட்டேன்." வாசல் கட்டிலுக்குப் புழுக்கம் காரணம் இல்லை.

மார்ச் 26, புதன்

திருச்செங்கோட்டில் ரஞ்சனி என்று ஒரு பல் டாக்டர். என் மகள் வயசுதான் இருக்கும். பல்லில் எதையோ சில்லென்று வைத்தாள். மற்ற பல்லெல்லாம் கூசியது. இது மரம் மாதிரி இருந்தது.

எப்போதாவது இதில் வலி வந்ததா என்று கேட்டாள். பொங்கல் சமயத்தில் உயிர் போகிற மாதிரி வலித்ததைச் சொன்னேன். அப்போது என்ன மருந்து எடுத்தீர்கள் என்றாள். கோழிக்குச் சளி வந்தால் தண்ணீரில் கலந்து விடுகிற பவுடரை நாலு நாள் குடித்தேன், வலி நின்றுவிட்டது என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"மருந்தால வலி நிக்கலைங்கம்மா. உள்ள இருந்த நரம்பு செத்துப்போச்சு. அதனால நின்னுச்சு."

எக்ஸ்ரே படத்தில் பல்லின் வேர் நுனியில் கறுப்பாய் ஒரு நிழல் இருந்தது. செத்த நரம்பு உள்ளேயே அழுகி, கிருமி வேர் வழியாய் இறங்கி எலும்பை அரித்த இடமாம். செத்த பல்லுக்குள் ரத்தம் ஓடாது, அதனால் எந்த மாத்திரையும் அங்கே போய்ச் சேராது. பல்லைத் திறந்து அழுகியதை எடுத்தால்தான் தீரும் என்றாள். பிடுங்கி எறியச் சொன்னேன். வேர் கெட்டியாய் இருக்கிறது, சுத்தம் பண்ணி அடைத்தால் எலும்பு தானாய்க் கூடிவரும் என்றாள்.

மரத்துப்போக ஊசி போட்டுப் பல்லைத் திறந்தாள். அந்த நாத்தம் ரூமையே நிறைத்தது. மாஸ்க் போட்டும் நர்ஸ் முகத்தைத் திருப்பினாள். இந்தப் பெண் மட்டும் திருப்பவில்லை. மயிர் கனத்தில் கம்பிகளை விட்டு, வேருக்குள் இருந்த மூன்று கால்வாயையும் சுரண்டி, மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். அது பிளீச்சிங் பவுடர் வாசம் அடித்தது. ஷெட்டுக்கு நான் போட்டது இங்கே போட வேண்டியது.

சாவு என் வாய்க்குள்ளே இருந்திருக்கிறது. பொறுக்காமல் மறைத்து வைத்தவள் நான். பொன்னன் இல்லை.

மலர்விழியின் கிராம்பு, ஏலக்காய் டீ. இப்போதுதான் விளங்குகிறது. தூ, என் புத்தி.

ஏப்ரல் 2, புதன்

சீழ் நின்றுவிட்டது. இன்று கால்வாய்களுக்குள் ரப்பர் மாதிரி எதையோ வைத்து மேலே அடைத்தாள். அடுத்த வாரம் பல்லுக்கு மேல் உறை மாதிரி ஒரு தொப்பி போட வேண்டும், இல்லாவிட்டால் பல் உடைந்துவிடுமாம்.

வரும் வழியில் பொன்னனுக்குப் போன் போட்டேன். நாலு பண்ணையில் கேட்டிருக்கிறான், நாலிலும் என் வாய்ஸைப் போட்டுக் காட்டி அனுப்பியிருக்கிறார்கள். இப்போது கட்டட வேலையில் கலவை சுமக்கிறானாம். தப்பு என்மேல்தான், திரும்பி வா என்றேன். பல்லைப் பற்றியும் சொன்னேன். உனக்குத் தெரியுமா என்றேன்.

"தெரியுமுங்க. மொதலாளியம்மாகிட்ட எப்படிங்கம்மா சொல்றது?" அப்புறம், "குரூப்புல போட்டது அப்படியேதானுங்க இருக்குது" என்றான்.

ஏப்ரல் 4, வெள்ளி

பொன்னன் மேல் தப்பில்லை, மன்னிக்கவும் என்று எழுதிப் போட்டால் போதாதா? போதாது. நாத்தம் எங்கிருந்து வந்ததென்று கேட்பார்கள். சொல்லாவிட்டால், அவன் வந்து அழுதிருப்பான், நான் மனசு இரங்கிவிட்டேன் என்று பேசுவார்கள். ஊரே சிரிக்கும். அடுத்த விசேஷத்துக்கு எந்த மூஞ்சியோடு போவது?

ஏப்ரல் 5, சனி

போட்டுவிட்டேன். மூன்று தடவை அழித்துவிட்டு நாலாவது தடவை போட்டேன்.

"நான் சாரதாமணி பேசறனுங்க. பொன்னன் மேல ஒரு தப்பும் இல்லீங்க. செத்த கோழி எதுவும் இல்லை. என் பல்லு அழுகி என் வாய்தான் நாறிச்சு. அவன் எட்டு வருஷமா செத்த கோழி ஒண்ணக்கூடப் பொறுக்காம உட்டதில்லைங்க."

முதலில் யாரோ சிரிக்கிற பொம்மை போட்டார்கள். அப்புறம் வரிசையாய். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

தொப்பி போட்டாயிற்று. பொன்னன் போன் பண்ணினான். குரூப்பில் இருக்கிற வெங்கடாசலம் பண்ணையில் சேர்ந்துவிட்டானாம். இங்கே வாயேன் என்றேன். "வேண்டாமுங்கம்மா, இங்கயே இருந்துக்கறோம்" என்றான். கோபமாய்ச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. எப்போதும் பேசுகிற மாதிரியே சொன்னான்.

ஏப்ரல் 21, திங்கள்

காலையில் ரெண்டாவது ஷெட்டுக்குள் நாத்தம் அடித்தது. புது ஆள் மயில்சாமியைக் கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை. முதலில் உள்ளங்கையைக் குவித்து ஊதி மோந்து பார்த்தேன். நான் இல்லை.

அப்புறம் போய்த் தேடினேன். அஞ்சாவது வரிசைக் கடைசிக் கூண்டில் ஒன்று செத்துக் கிடந்தது. புழு வைத்திருந்தது. நானே எடுத்துக் குழியில் போட்டுவிட்டு வந்தேன்.